டென்மார்க்குக்கு மூன்று பெண்களும் ஒரு ஷேர் ஆட்டோவும்

சாரணியர் படைத்தலைவி என்பது சம்பளம் கிடையாது, விசில் மட்டும் உண்டு என்கிற வேலை. பாடம் நடத்துவதோடு கூடுதலாக எதையாவது தலையில் கட்டிக்கொண்டு திரியும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும். நான் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கூடுதல் பொறுப்புகளைப் பங்கு போட்ட அன்று எனக்குப் பல்வலி, லீவு போட்டுவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் என் மேஜையில் விசில் உட்கார்ந்திருந்தது.

சென்ற வருஷம் எங்கள் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. டென்மார்க்கில் நடக்கும் பன்னாட்டு முகாமுக்கு எங்கள் படையில் மூன்று பெண்கள் தேர்வாகியிருக்கிறார்கள், துணைக்கு நான். செலவு முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, மூன்று பேரும் சேர்ந்து வரவேண்டும். ஒருத்தி நின்றாலும் மற்றவர்களும் வீட்டில்தான். ரேச்சல் வீட்டிலும் தர்ஷினி வீட்டிலும் உடனே சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது பெண் மோனிஷாவின் அப்பா ஏழுமலை மட்டும் முடியவே முடியாது என்றார். தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மோனிஷா அழவில்லை, சண்டை போடவில்லை. தினமும் காலையில் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "அப்பா ஓகே சொல்லிட்டாரா மிஸ்?" என்று என்னைக் கேட்பாள். அவர் எனக்கு அப்பாவா அவளுக்கு அப்பாவா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

அஸ்தினாபுரத்தில் போலீஸ்

முதலில் பாஸ்போர்ட். ரேச்சலின் அம்மாவும் என்னைப்போல டீச்சர்தான், வீடு அஸ்தினாபுரத்தில். கண் படுவதெல்லாம் மூடநம்பிக்கை என்று சபையில் பேசுகிறவர். ஆனால் மகள் விஷயம் வந்ததும், எதற்கு வம்பு என்று டென்மார்க் பற்றித் தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். வந்தவர் நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், "ரேச்சல்னு ஒரு பொண்ணு, வீடு எது?" என்று கேட்டுவிட்டார். போலீஸ்காரர் ரேச்சல் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சாயந்திரம் எதிர்வீட்டு அம்மா பைபிளும் கையுமாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ரேச்சல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "கலங்காதீங்க சிஸ்டர், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வெச்சிருக்கோம். பாப்பா அப்படி என்னதான் பண்ணிச்சு?"

ஐஸ் ரூம் பயிற்சி

ஏழுமலை அண்ணாவின் முதல் ஆட்சேபணை குளிர். பள்ளிக்கரணையில் தூறல் போட்டாலே தும்முகிற பெண் டென்மார்க்கில் கூடாரத்துக்குள் எப்படிப் படுப்பாள் என்றார். குளிர் தாங்குவாள் என்று காட்டிவிட்டால் யோசிப்பதாகச் சொன்னார். ஏப்ரல் மாதச் சென்னையில் குளிருக்கு நான் எங்கே போவேன்? மோனிஷாதான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய தாய்மாமன் கோவளத்தில், மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை அண்ணாவின் ஆட்டோவிலேயே கிளம்பினோம். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா என்று மூன்று பெண்களும் நானும் கோவளம் பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது, வேர்வை துடைத்துக்கொண்டு நின்ற ஜனம் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. பைத்தியம் என்றால் தொற்றும் என்று நினைத்திருப்பார்கள்.

ஐஸ் ரூமுக்குள் பெண்கள் முகாம் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே அடிக்கிற வெயிலுக்கு அது அவர்களுக்குச் சொர்க்கமாக இருந்தது. பெண்ணைக் கண்காணிக்கிறேன் என்று அரைக்கைச் சட்டையோடு உள்ளே வந்த ஏழுமலை அண்ணாதான் முதலில் வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் தும்மிக்கொண்டே நான். எவ்வளவு கூப்பிட்டும் பெண்கள் வரவில்லை. கடைசியில் தாய்மாமன் கவலையோடு என்னிடம் சொன்னார்: "போதும் டீச்சர், வெளிய கூப்டுங்க. மீனுக்குக்கூட நாங்க இம்மாம் ஐஸ் காட்ட மாட்டோம்."

எந்தக் கை?

குளிர் விஷயத்தில் தோற்றதால் ஏழுமலை அண்ணா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பள்ளிக்கு வந்தார். நாற்காலி கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், பேனாவின் மூடியைக்கூட நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் பேனாவை வைக்கப்போகிற நேரத்தில் மோனிஷா முழுச் சீருடையில் உள்ளே வந்தாள். விறைப்பாக சல்யூட் அடித்தாள். பிறகு எங்கள் வழக்கப்படி இடது கையை என்னிடம் நீட்டினாள். நானும் பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டிக் குலுக்கிவிட்டேன்.

உலகம் முழுக்கச் சாரணியர் இடது கையால்தான் குலுக்குவார்கள். அது இதயத்தின் பக்கம் இருக்கும் கை என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். இடது கையால் காசு நீட்டுகிற பயணியையே நடுரோட்டில் இறக்கிவிடுகிற மனிதர். எழுந்து நின்று சொன்னார்: "பெரியவங்களுக்கு எடது கைய நீட்டறதுக்கு டென்மார்க் போவணுமா டீச்சர்? அத இங்கியே நல்லா கத்துக்கினு கீறா."

தாம்பரம் டு பள்ளிக்கரணை

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மூன்று பெண்களின் பயணம் ஒரு கைகுலுக்கலில் போய்விட்டதே. ரேச்சல் அம்மாவிடம் என்ன சொல்வது? உபவாசம் இருந்தவர்களுக்கு என்ன சொல்வது? கையில் காலில் விழுந்தாவது கேட்போம் என்று மறுநாள் காலை தாம்பரத்தில் அவருடைய ஆட்டோவிலேயே ஏறினேன்.

நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே பயணிகளிடம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பல நாளாக இது நடக்கிறது போலிருக்கிறது. சிலர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒரு நர்ஸ் அனுப்பலாம் என்றார். லேப்டாப் பையோடு இருந்த பையன், அங்கே சாப்பாடு சரியிருக்காது என்று சம்பந்தமில்லாமல் பயமுறுத்தினான். முன்பின் தெரியாத ஊருக்கு வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஏழுமலை அண்ணா கண்ணாடியில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். பூக்கூடையை மடியில் வைத்திருந்த அக்கா, கட்டிக்கொண்டிருந்த பூவிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எந்தூர்ல இருந்தோ வந்த பொண்ணுங்கள நீ தெனம் ஏத்திகினு போற. அதுங்க அப்பன்லாம் உன்ன வந்து பாத்தானுங்களா?"

மீனம்பாக்கம்

அதற்கு மறுநாள் மோனிஷா கையெழுத்தோடு வந்தாள். கூடவே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழமும் மிளகாயும், எல்லாம் பிளாஸ்டிக், ஆட்டோவில் கண்ணேறுக்குக் கட்டுவது. முகாமில் ஒவ்வொரு நாட்டுப் பெண்களும் சின்னச் சின்னப் பொருள்களை மாற்றிக்கொள்வது வழக்கம் என்று மகள் சொன்னதும், அப்பாவே கடை கடையாக ஏறி வாங்கினாராம். டென்மார்க் கூடாரங்களில் இப்போது நம் எலுமிச்சம்பழம் தொங்குகிறது.

கிளம்பும் நாளில் விமான நிலைய வாசலில் ஏழுமலை அண்ணா அழவில்லை. டிராலியின் சக்கரம் சரியில்லை, பையைக் கட்டியது சரியில்லை என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு. குரோம்பேட்டைக்காரியான நான் அதுவரை விமானத்தை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. இதை வெளியே காட்டிக்கொள்ளாமல், பயப்படக் கூடாது, தைரியமாக இருக்க வேண்டும் என்று பெண்களுக்கு மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணா என்னை மேலும் கீழும் பார்த்தார். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்: "மோனி, டீச்சர் கைய வுட்றாத. பாவம், அவங்க உன்ன நம்பித்தான் வராங்க."

மூன்று பெண்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக ஒரு தலைவி போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு தலைவியைக் கூட்டிப்போகத்தான் மூன்று பேர் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள்.