அக்குளில் இருந்த கேமரா

இளையபெருமாளுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் நாற்பது வருடம் பிறர் வயலில் குனிந்து நின்றவர். பெரிய மனிதர் யாராவது வரப்பில் வந்தால் அவர் தோளில் கிடக்கும் துண்டு தானாக அக்குளுக்கு இறங்கிவிடும். சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர் வாங்கி, மகன் அன்பரசன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய்ப் பதினோரு வருடமான பிறகும் அந்தத் துண்டு இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

துண்டை இறக்கும்படி ஊரில் அப்படி யாரும் பெரிய மனிதர் இல்லை. தங்கமணி இருந்தான். வயது நாற்பது. துபாயில் எட்டு வருடம் யாருக்கோ "எஸ் சார்" போட்டு அலுத்த வாயை, ஊருக்கு வந்து பெரியவர்களை "டா" போட்டு ஆற்றிக்கொண்டவன். தென்னந்தோப்பும் மீன் குளமும் வைத்திருந்தான். மீனுக்கு இருந்த மரியாதை அவனிடம் மனிதருக்கு இல்லை.

மேட்டூர் நிரம்பி வழிந்த அந்த ஆவணியில், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இளையபெருமாளின் வயல் வெடித்துக் கிடந்தது. நட்டுப் பதினெட்டு நாளான பயிர். இன்னும் ஐந்து நாள் தாங்கினால் அதிகம். திங்கள் முதல் புதன் வரை அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. ஆனால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அந்த நாட்களில்தான் பலகையை இறக்கி வைத்தான். தண்ணீர் மீன் குளத்துக்குப் போனது. மனு கொடுத்தால், 'மதகு திறந்தே உள்ளது' என்று பாசன அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதை எழுதிய மகானுபாவர் மதகு எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது அறிவாரா, தெரியாது. போனில் படம் எடுக்கப் போனபோது லஸ்கர் அதைத் தட்டி வாய்க்காலில் போட்டான்.

"கையில எதையும் நீட்டாதீங்கப்பா. தலையில மாட்டிக்கிட்டுப் போங்க" என்றான் சிங்கப்பூரிலிருந்து அன்பரசன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும்போது போடும் ஹெல்மெட்டும், அதன் உச்சியில் ஒட்டிய தீப்பெட்டி அளவு கேமராவும், அந்த வாரமே ஊருக்கு வந்த நண்பன் கையில் வந்து சேர்ந்தன.

மோட்டார் சைக்கிளுக்கே ஹெல்மெட் போடாத ஊர் அது. டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "என்ன மாமா, சைக்கிளுக்கும் போலீசு புடிக்கிறானா?"

திங்கட்கிழமை மதகு வரை போய் வந்தார். கேமராவிலிருந்த மெமரி கார்டை ஒரத்தநாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமலியிடம் கொடுத்தார். அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"ஐயா, மதகு தெரியலங்க. திரை பூராவும் மங்களகரமா இருக்கு."

புதுப் பொருள் வீட்டுக்கு வந்ததென்று அவர் மனைவி காளியம்மாள் கேமராவின் கண்ணிலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கேமராவின் கண்ணைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார். மதகுக் கட்டையில் தங்கமணியும் லஸ்கரும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் பார்த்ததுமே இளையபெருமாள் சைக்கிளை விட்டு இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். துண்டை இடுக்குவதுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னடா, தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு வந்தே?" என்றான் தங்கமணி.

"பயிரு காயுதுங்க."

"காயட்டும். எங்கொளம் ரொம்பற வரைக்கும் பலகை ஏறாது. நாந்தான் அடைக்கச் சொன்னேன். சிங்கப்பூருலேருந்து அரிசி அனுப்பச் சொல்லித் தின்னு."

"தொறந்திருக்குன்னு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேங்க" என்று லஸ்கர் தன் வீரத்தையும் சேர்த்துக்கொண்டான்.

அன்று அமலியின் திரையில் முழுக்க ஒரு பனியன் ஓட்டை தெரிந்தது. ஆனால் குரல்கள் பிசிறில்லாமல் கேட்டன. அதை அவள் சிங்கப்பூருக்கு அனுப்பினாள். உடனே அவள் போனில் அன்பரசன் கூப்பிட்டான்.

"பேச்சு போதும்பா, மாட்டிக்கிட்டானுவ. ஆனா அதை ஏன் கழட்டுனீங்க?"

மகன் வாங்கிக் கொடுத்த தலையை மகன் முன்னாலேயே கழற்றி இடுக்கிக்கொண்டதுபோல் இருந்தது இளையபெருமாளுக்கு. கடைக்கு வெளியே போய் நின்று அழுதார்.

மறுநாள் காலை அமலி அவரோடு அலுவலகத்துக்கு வந்து அதிகாரியின் மேஜைமேல் போனை வைத்தாள். அதில் தங்கமணி பேசினான், லஸ்கர் பேசினான். நேற்று வரை ஒரு மனுவும் எட்டாத அதிகாரியின் காதுக்கு அந்த இரண்டு நிமிடம் நன்றாகவே எட்டியது. வெளியே யார் யார் கேட்டார்கள் என்பதுதான் அவர் கவலை. மத்தியானம் பலகை ஏறியது.

வயலில் தண்ணீர் பரவும்போது இளையபெருமாள் ஹெல்மெட்டோடு வரப்பில் நின்றார். கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. பாதையில் தங்கமணியின் புல்லட் வந்தது. அவர் கை பழக்கத்தில் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாருக்குப் போனது.

விரல்கள் அங்கே நின்றன. பிறகு வாரை இன்னும் ஒரு பிடி இறுக்கின.