பட்டைச் சாயம் ஏறிய கடிதங்கள்

எந்தை இறந்த பதினாறாம் நாள், அவர் புழங்கிய துடுப்பையும் வேட்டியையும் பழவேற்காட்டு ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் விட்டுவர உறவினர் கூடியிருந்தனர். இறந்தவர் கைப்பட்ட பொருள் வீட்டில் தங்கலாகாது என்பது எங்கள் குடும்பத்து முறை. எந்தை வைத்திருந்த தகரப்பெட்டி ஒன்றையும் சிற்றப்பா படகிலேற்றினார். நான் அதைக் கீழே இறக்கினேன்.

பெட்டியில் இருந்தவை, இரங்கூன் துறைமுக வேலைக்குப் போய்ப் போரில் திரும்பாமற்போன, என் பாட்டனாருடைய தம்பியின் கடிதங்கள். உப்புக்காற்றில் தாள் இற்றுவிடுமென அஞ்சிய பாட்டனார், தாம் அறிந்த ஒரே காப்பு முறையைக் கையாண்டார். பருத்தி வலை மட்காதிருக்க மரப்பட்டை காய்ச்சிய சாயநீரில் தோய்ப்பதுபோல, அத்தனை கடிதங்களையும் முக்கியெடுத்து வலையோடு உலர்த்தினார். மை கரைந்தோடிற்று. போர்க்காலத்தில் மை கிட்டாமல் பென்சிலால் எழுதியவை மட்டும் எழுத்தழியாமல் நின்றன.

“இன்னாம்மா பண்றே? எழுத்தே இல்லாத காயிதம் அது. மீன் புடிக்கவும் ஆவாது. உடு,” என்றார் சிற்றப்பா.

“எழுத்து இருக்கறதாலதானே சித்தப்பா தூக்கினு போறீங்க?”

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சிற்றப்பாவின் பேத்திக்குப் பொன்னேரியில் மணம் பேசி முடித்திருந்தது. சம்பந்தியம்மாளும் துக்கத்துக்கு வந்திருந்தார். சிற்றப்பா என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “எங்க நைனாவே கடைசிவரிக்கும் வாயத் தொறக்கல. நீ சம்பந்தி எதிர்ல மானத்த வாங்காதே.”

நான் பெட்டியைத் திறந்து, எல்லாரும் கேட்க வாசித்தேன்.

“அண்ணன் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். கப்பலேறும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்நாட்டுப் பெண்ணொருத்தியை மணந்திருந்தேன். குண்டு விழுந்து அவள் போய்விட்டாள். மகள் இருக்கிறாள். நாளை அவளைத் தோளிற் சுமந்து இந்தியாவுக்கு நடக்கத் தொடங்குகிறேன். நான் வழியில் விழுந்தாலும், அவள் நம் வீட்டுப் பெண் என்று ஊரில் சொல்லவும்.”

பாட்டனார் சொல்லவில்லை. எந்தையும் சொல்லவில்லை. தாளைக் காக்க அத்தனை பாடுபட்ட குடும்பம், தாளிலிருந்த ஒற்றை வேண்டுகோளை இரண்டு தலைமுறையாக மூடிவைத்தது. அக்குழந்தை பிழைத்தாளா என்பதை அறிந்தவர் எவருமில்லை. அவள் இருந்தமைக்குச் சான்று இந்த ஒரு தாளே. அதையும் நீரில் விடச் சொல்லும் முறை எனக்கு முறையன்று.

“பாவம், புள்ளயத் தூக்கினு அம்மாந்தூரமா?” என்றார் சம்பந்தியம்மாள். வேறொன்றும் கேட்கவில்லை. சிற்றப்பா யாரையும் பாராமல் படகைத் தள்ளினார். பெட்டி என் மடியிலேயே இருந்தது.

இப்போது அக்கடிதங்களைப் படியெடுத்து வருகிறேன். நேற்றுச் சிற்றப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“எல்லாத்தியும் எழுதிக்கோ. அந்தப் பொண்ணு சமாசாரத்த மட்டும் உட்டுடும்மா.”

“அதத்தான் சித்தப்பா மொதல்ல எழுதனேன்,” என்றேன். பென்சிலால் எழுதினேன் என்பதையும் சொன்னேன்.