மால்சுன் அழைத்துப்போன வைத்தியசாலை

புன்ஹிக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. ஜேசோன் ஊரில் பள்ளிச் சமையலறையில் இருபது வருடம் அண்டா கிளறியவள். மீந்த சூப்பைத் தன் நாய்க்கு எடுத்துப்போகிறாள் என்று யாரோ பெயர் போடாமல் பள்ளிக்குக் கடிதம் எழுதினார்கள். வேலை போனது. எழுதியது யார் என்ற நினைப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

"இப்படியே போனா விழுந்துருவே அக்கா. என் வைத்தியர்கிட்ட வா. நானும் தூக்கத்துக்கு அங்கதான் போறேன்" என்று இழுத்துப்போனவள், அதே சமையலறையில் அவளோடு வேலை பார்த்த மால்சுன்.

வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார்.

"கோபத்த அடக்கி வச்சிருக்கீங்கம்மா. நெஞ்சுல நெருப்பாக் கிடக்கு. யார் மேல?"

"சமையலறைக்குப் புதுசா வந்த சோரா மேல, டாக்டர். நான் தூக்குவாளியோட போறத அவதான் பாத்தா. மால்சுனுக்கும் தெரியும், ஆனா இவ என் கூடப்பிறந்தவ மாதிரி. சோரா வணக்கம் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறேன்."

மால்சுன் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையிலும் கையிலும் காலிலும் மெல்லிய ஊசிகளைக் குத்தி அப்படியே விட்டு, வயிற்றுக்கு மேலே சூட்டு விளக்கை வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் மால்சுன். புன்ஹிக்குக் கண் சொக்கியது. மூன்று மாதத்தில் முதல் தூக்கம்.

பேச்சுக் குரலில்தான் விழித்தாள்.

"அக்கா தூங்கிட்டாங்களா?"

"குறட்டையே விட்டாங்க" என்றாள் நர்ஸ்.

மால்சுனின் குரல் தாழ்ந்தது. "எனக்கு உங்க மருந்து கேக்கல டாக்டர். அக்கா, நான், ரெண்டு பேர்ல ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தப்போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. பயந்துட்டேன். கடிதம் எழுதுனது நான்தான்."

"அதுக்கு என்கிட்ட ஊசி இல்லம்மா. அவங்ககிட்டயே சொல்லுங்க."

"ஐயோ, அது மட்டும் முடியாது."

புன்ஹியால் அசைய முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் ஊசி.

மணி அடித்து ஊசிகளை எடுத்தார்கள். வெளியே கூடத்தில் மால்சுன் கஷாயம் அடைத்த பாக்கெட்டைச் சூடாக்கி, முனையை வெட்டி நீட்டினாள்.

"குடி அக்கா. குறட்டை விட்டியாமே!"

"விட்டேன். நீ வாயத் திறக்குற வரைக்கும்."

மால்சுனின் கை அப்படியே நின்றது. கசப்பு மருந்து விரலில் வழிந்தது.

"நீயே குடி" என்றாள் புன்ஹி.

செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிப் பக்கம் நடந்தாள். சோரா வேலை முடிந்து வெளியே வரும் நேரம். இன்று யார் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சில் நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது.