தரை தொடாத சிலுவை

வேப்பெண்ணெயின் கசப்பு வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் தவக்காலம் வந்துவிடும். எண்பதுகளில், காரிமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் இருந்த ஒரே கிறிஸ்தவ வீடு எங்களுடையது. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் வீடு என்றால் அம்மாவும் நானும்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு “அல்லேலூயா” என்று பட்டப்பெயர், விளையாட்டுக்கு மட்டும் அழைப்பு கிடையாது. கும்பிட எங்களுக்கென்று ஒரு கோயிலும் இல்லை. ஒரு மரச்சிலுவை இருந்தது. ஊருக்கு ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடந்த எங்கள் குடும்பங்களைத் தேடி அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் வீடு வீடாகப் போகும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லா ஊர்களிலிருந்தும் எங்கள் சனம் கூடி, தோளில் சுமந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். கரையான் அரிக்காமலிருக்க ஆளாளுக்குப் பூசிய எண்ணெயின் வாசனைதான் அது.

அந்தச் சிலுவைக்கு ஒரே சட்டம்: தரையில் படக் கூடாது. வழியில் நிற்கலாம், தோள் மாற்றலாம், கீழே மட்டும் வைக்கக் கூடாது. வீட்டிலும் மணைப்பலகை மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்திருப்போம். “அது கீழ பட்டா, நம்ம சனத்துல ஆரோ கைய வுட்டுட்டாங்கன்னு அர்த்தம்” என்பார், பங்குச் சாமியார் வர முடியாத ஊர்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

எங்கள் வீட்டிலிருந்து சிலுவை புறப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை, வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும் என்ற ஆசையில் பள்ளி விட்டு ஓடி வந்தேன். ஒரு செருப்பும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் எல்லாருக்குமான கஞ்சி கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். வேறு பிள்ளையாக இருந்தால் அம்மா கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருக்கும். எனக்கோ ஞானம் அதிகம்! ஆண்டவர் திரும்பி வரும் நாளில் ஒரே வயலில் வேலை செய்யும் இருவரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மற்றவரை விட்டுவிட்டுப் போவார் என்று உபதேசியார் முந்தின ஞாயிறுதான் விளக்கியிருந்தார். வந்துவிட்டார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கறி தின்னக் கூடாத தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் எதிர்வீட்டில் கோழிக்குழம்பு தின்ற என்னைத் தவிர.

சிலுவையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், அதை எடுக்கவாவது வருவார் என்று கணக்குப் போட்டு, ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட வேகத்தில் மணை நழுவி, சிலுவை என் தோளில் சாய்ந்தது. நிமிர்த்தப் பலமில்லை, கீழே விடத் துணிவில்லை. உலகத்தில் மிச்சமிருந்த கடைசிக் கிறிஸ்தவன், கால்சட்டை நழுவ நழுவ, ஓவென்று அழுதுகொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு முனியம்மாக்கா ஓடி வந்தார். அவரைக் கண்டதும் அழுகை கூடிற்று. அவர் எங்கள் மதம் இல்லை, அதனால் விட்டுவிடப்பட்டிருக்கிறார். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

“அக்கா, நீங்களும் போகலீங்களா?”

“நான் எங்கடா போவேன்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

“எங்கம்மா போயிருச்சுங்க்கா...”

“ரோட்டுக்குத்தான் போயிருக்குது. பஸ்ஸு நின்னுபோயி உங்க சனமெல்லாம் நடந்து வருதாம். கஞ்சியப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போச்சு. அதக் கீழ வையேன்டா!”

“வெக்கக் கூடாதுங்க்கா.”

“உங்க சாமிய நான் தொடலாமா?” என்று ஒரு நொடி தயங்கியவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எடை பாதியானதை நம்பினேன்.

புழுதிக் கால்களோடு அம்மாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்ட உபதேசியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏன்டா, காரிமங்கலம் பஸ்ஸே ஒழுங்கா வரல. அதுக்குள்ள மோட்சத்துக்கு வண்டி வந்துருச்சுன்னு நெனச்சியா?”

சிரித்துக்கொண்டேதான் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். ஒவ்வொரு கையாக வந்து சேரச் சேரப் பாரம் குறைந்து, கடைசியில் சிலுவை என்னைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. விசுவாசத்தைப் பற்றி அதன்பின் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். என் தோளுக்குத் தெரிந்த விளக்கம் அது ஒன்றுதான். வரப்புத் தகராறில் முகம் பார்க்காமலிருந்த அண்ணன் தம்பி இருவர்கூட, அன்றைக்கு வழியில் தோள் மாற்றும்போது “புடிச்சிக்கிட்டேன், வுடு” என்று பேச வேண்டியிருந்தது. பேசாமல் மாற்றினால் சிலுவை விழுந்துவிடுமே.

அடுத்த ஊரில் அதை வைத்துவிட்டு, அம்மாவும் நானும் மட்டும் திரும்பி நடந்தோம். வீட்டில் சுவர் வெறுமையாக இருந்தது.

இப்போது ஓசூரில் இருக்கிறேன். அம்மா இல்லை. அந்தப் பக்கத்தில் கோயில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன தவக்காலத்தில் போனேன். சிலுவையை மினி லாரியில் நிறுத்திக் கயிறு கட்டி, மைக்கில் பாட்டுப் போட்டு ஊர்வலம் விட்டார்கள். பின்னால் பைக்கிலும் காரிலும் நாங்கள். அந்தக் காலத்தைவிடப் பல மடங்கு கூட்டம். ஊர்வலம் முடிந்ததும் டிரைவர் கயிற்றை அவிழ்த்துச் சிலுவையைத் தனியாளாக இறக்கினார். நான் பதறியடித்து ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன்.

“பரவால்லைங்க சார், பிளைவுட்டுதான். வெயிட்டே இல்ல, நானே பாத்துக்கறேன்” என்றார்.

என் பின்னால் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.