இரைச்சலைக் குறைத்த கேசட்

போத்தனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பம்பு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு காலையில், துண்டில் சுற்றிய பழைய கம்ப்யூட்டரும் ஒரு கேசட்டுமாக வந்தார். நான் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தவன். இரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வால்பாறை பஸ்ஸில் கிளீனராக ஓடி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, அப்புறம் இந்த வேலைக்கு வந்தேன். அது வேறு கதை.

"ஏனுங்க, இந்தக் கேசட்டுல நானே எழுதுன கம்ப்யூட்டர் ஆட்டம் இருக்குதுங்க," என்றார். "வேற கிரகத்துல ஒருத்தன் படிப்படியாத் தாவி உச்சிக்குப் போவானுங்க. உச்சியில என்ன வெச்சேன்னு மறந்துபோட்டேன். நாலு நாளாத் தூக்கமே இல்லீங்க."

ஆட்டம் எப்படிக் கேசட்டுக்குள் இருக்கும்? கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரே கிரீச். நாடாவோ பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு ஓட்டம் தாங்கினால் அதிகம்.

பாட்டுக் கேசட்டுக்குச் செய்வதையே செய்தேன். கீச்சுச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரெபிளை நன்றாகக் குறைத்து, கம்ப்யூட்டரை எங்கள் டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரிலிருந்து அதற்கு ஒயரைச் சொருகி ஓடவிட்டேன். டிவியில் கோடு கோடாக வந்து நின்றுவிட்டது.

"என்னங்க பண்ணுனீங்க?"

"இரைச்சலைக் கொறச்சனுங்க."

"அட சாமி! அந்த இரைச்சல்தானுங்க ஆட்டமே! அதைக் கேட்டுத்தானுங்க கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் படிக்கும்!"

"அவரு எதைத்தான் முழுசாக் கேட்டிருக்காரு!" என்றாள் சமையலறையிலிருந்து என் சம்சாரம்.

ஒரு ஓட்டம் வீண். டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று உண்டு; மயிரளவு திருப்பினால் சத்தம் தெளியும். பாட்டென்றால் பாடுகிறவர் குரலை வைத்துத் திருப்புவேன். இதில் குரல் ஏது? ட்ரெபிளைப் பழையபடி வைத்து, மறுபடி ஓடவிட்டு, கிரீச் காதைக் குத்தும் இடம் வரைக்கும் திருப்பினேன்.

டிவியில் ஆட்டம் வந்துவிட்டது. கறுத்த வானம், தலைக்கவசம் போட்ட குட்டி மனிதன், மேலே மேலே வளைந்து போகும் படிகள்.

"இது வால்பாறை ரோடு மாதிரி இருக்குதுங்களே!"

"அப்ப வேற மலை நான் எங்கீங்க பாத்தேன்?"

அவர் பக்கத்தில் நின்று சொன்னார். பட்டன்களை நான்தான் தட்டினேன். "தாவுங்க! தாவுங்க!" "தாவுனேனுங்களே!" "குழிக்குள்ளயா தாவறது?" கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்று வேறு சொல்லிப் பயமுறுத்தினார். எத்தனை தடவை செத்தேனோ, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் உச்சி வந்தது.

அங்கே ஒரு நாற்காலி. அதில் மூன்று கண்ணோடு அந்தக் கிரகத்துக்காரன். நான் சுடும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"பொறுங்க, பொறுங்க!"

மூன்று கண்ணன் எழுந்தான். தள்ளி நின்றான். நம் ஆள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்தது.

அவர் டிவியைப் பார்த்துச் சிரித்தார். "ஊட்டுக்கு வந்தவங்களை நிக்க வெக்கலாமுங்களா? அதனாலதான் அந்த நாற்காலிய வெச்சிருப்பேன்."

கரண்ட் இருக்கும்போதே ஆட்டத்தைப் புதுக் கேசட்டில் பதிந்தோம். இந்தத் தடவை நான் எந்தத் திருகையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கிரீச்சை முழுசாகக் கேட்டேன்.