லவினா கையெழுத்துப் போடாத வீடு

லவினாவுக்கு அந்த வருஷம் முழுக்கக் கோபம்தான். இருபத்திரண்டு வருஷமாக விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்குப் போய், கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பவள் அவள். வீடு வாங்க பேங்க் கடன் தந்ததே அவள் சம்பளத்தை நம்பித்தான். ஆனால் எந்த வீடு என்று முடிவு செய்தவர் கணவர் ஃப்ரெடி. பூதிகோட்டை ரோட்டில் எரிக் என்ற கான்ட்ராக்டர் கட்டிய புது வீடு. அவளிடம் சொல்வதற்கு முன்பே சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அவள் பார்த்து வைத்திருந்தது ஆண்டர்சன்பேட்டையில் மாலா டீச்சர் விற்கவிருந்த பழைய வீட்டை. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பின்பக்கம் கோடையிலும் வற்றாத கிணறு. ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்.

“எழுவது வருஷத்து வூட்ட எவனாவது வாங்குவானா? கம்பெனி லைன்ல கெடந்தது போதாதா? எனக்குப் புதுசு வேணும்,” என்றார் ஃப்ரெடி.

சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில், ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்து வளர்ந்தவர் அவர். அதை நினைத்துத்தான் லவினா வாயை மூடிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புது வீட்டைப் பார்க்கப் போனாள்.

எரிக் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டைல்ஸ், மாடிப்படி, கார் நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் ஃப்ரெடிக்கே காட்டினான். “மேடம், நீங்க கிச்சன் பாருங்க,” என்றான். பார்த்தாள். கிச்சன் குழாயைத் திறந்தாள், பாத்ரூம் குழாய்களையும் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழாயும் காற்றைக் கக்கி நின்றன.

“இன்னாங்க, தண்ணி நின்னுடுச்சி?”

“கரண்ட் இல்ல மேடம். மோட்டார் ஓடாது.”

அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப இது எதுல சுத்துது?”

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய் போர்வெல் மூடியைத் திறந்தாள். உள்ளே பைப்பும் இல்லை, வயரும் இல்லை; மோட்டாரே இறக்கவில்லை. டேங்கர் தண்ணீரைக் கொஞ்சம் மேல்தொட்டியில் ஊற்றி வைத்திருக்கிறான்.

“இதுல தண்ணி வரல மேடம். அடுத்த மாசம் வேற போர் போட்டுக் குடுத்துடறேன். சார், நீங்க சொல்லுங்க சார்.”

“அவர இன்னாத்துக்குக் கூப்புடுற? கடன் கட்டப் போறது நானு. என்கிட்ட பேசு!”

பஸ்ஸில் ஃப்ரெடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மானத்த வாங்கிட்ட.”

“ரெண்டு மாசமா வந்து போறீங்களே, ஒரு தபா கொழாயத் தெறந்தீங்களா?”

அதற்கும் அடங்காமல் அடுத்த வாரம் எரிக் பத்திரத்தோடு வீட்டுக்கே வந்தான். ஃப்ரெடி பேனாவை நீட்டினார். லவினா பத்திரத்தை மடித்து எரிக் மடியில் வைத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

பழைய வீட்டை வாங்கினாள். முதல் மழையிலேயே கூடம் ஒழுகியது. “பாத்தியா?” என்றார் ஃப்ரெடி. எரிக்கை அனுப்பிய நாளிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் ஒழுகும் இடத்தில் அண்டாவை டமாரென்று வைத்தாள்.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த பாஸ்டர் கண்ணை மூடி, “எங்கள் சகோதரர் ஃப்ரெடி வாங்கிய இந்த இல்லத்துக்காக ஸ்தோத்திரம்...” என்று ஆரம்பித்தார்.

“ஐயா, நான் வாங்குனது,” என்றாள் லவினா.

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாஸ்டர் தொண்டையைச் செருமி, பெயரை மாற்றிச் சொல்லி ஜெபத்தைத் தொடர்ந்தார். ஃப்ரெடி மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, உடைந்த ஓடுகளை மாற்ற ஏணி எங்கே என்று கேட்டார். அவள் பின்பக்கம் கையைக் காட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போகவில்லை.