தீவில் ஓட்டல் வைத்திருக்கும் மருமகள்

“அம்மா, நாம எப்பம்மா ஊட்டுக்குப் போலாம்?”

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டுதான் என் நான்கு வயது மகள் இதைக் கேட்டாள். அவள் அப்பா பிறந்து வளர்ந்த வீடு இது. அவளைத் தொட்டிலில் போட்டதும் இங்கேதான். “இதுதான் சாமி நம்மூடு,” என்றார் என் மாமியார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. “இது அப்பத்தா ஊடு. நம்மூட்டுக்குப் போட்ல போகோணும்,” என்று திருத்தினாள்.

நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தக்காளியை எடுத்தேன். அவள் கேள்விக்கு இன்று வரை பதில் சொல்லவில்லை.

என் கணவர் ரிக் வண்டியில் மேனேஜர். போர்வெல் போடும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் சுற்றும் வேலை அது. எங்கள் பக்கத்தில் ஊருக்குப் பாதிப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். தெலங்கானா, சத்தீஸ்கர் என்று போனால் மழை பெய்து வேலை நிற்கும்போதுதான் வீட்டுக்கு வருவார். இடையில் ஏதாவது கல்யாணம் என்றால் சில நாள் தலைகாட்டுவார். நான் ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு இரண்டு வயதானபோது, எனக்கு உட்கார்ந்தால் எழவேண்டும் போலவும், எழுந்தால் எங்கே போவது என்றும் இருந்தது.

அப்போதுதான் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். அவளும் அவள் கணவரும் அந்தமானில் ஒரு சின்னத் தீவில் விருந்தினர் விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். “ஒரு வருசம் வந்து இருடி. புக்கிங் பாரு, வர்றவங்களப் பாத்துக்கோ. குழந்தையையும் கூட்டிட்டு வா,” என்றாள்.

கணவர் வேண்டாம் என்பார், மனம் ஆறிவிடும் என்று நினைத்துத்தான் அவரிடம் போனில் சொன்னேன். “போய்ட்டு வாயேன். நான் போறதில்லையா?” என்றார். ரிக் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும் என்று மறுநாள் மறுபடியும் கேட்டேன். அதே பதில். அவர் மனதார அனுப்பினாரா, வேலை மும்முரத்தில் தலையாட்டினாரா என்று அந்த வருடம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமியாரின் கவலை வேறு. “நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?” என்றார். சற்று நேரம் கழித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “புருசங்கூட ரிக்குக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கறேன்.” வேலை நடக்கும் ஊரில் அறை எடுத்து மனைவியைக் கூட்டிக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

விடுதியில் என் வேலை படகுத்துறையில் தொடங்கும். விருந்தினர் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கவேண்டும். எனக்குத் தெரிந்த இந்தி அங்கே போய்க் கற்றதுதான். அந்தக் காற்றில் படுக்கை விரிப்புகள் காயவே காயாது. உப்புப் பிசுக்கோடு மடித்து வைத்துவிட்டு, யாராவது முகம் சுளிப்பார்களோ என்று அவர்கள் கிளம்பும்வரை பயந்துகொண்டிருப்பேன். சமையல் செய்தது ஒரு வங்காளப் பெண். என் மகள் அவளை மாசி, அதாவது வங்காளத்தில் சித்தி, என்று கூப்பிட்டு, அவள் இடுப்பைவிட்டு இறங்காமல் இருந்தாள். இறங்கினால் செருப்பில்லாமல் மணலில் ஓடுவாள். கடலை நினைத்து நான் அவள் கொலுசில் கூடுதலாகச் சலங்கை கோத்திருந்தேன். சத்தம் நின்றால், போனில் பேசிக்கொண்டிருக்கும் விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவருவேன்.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். கடல் கொந்தளிப்பில் படகும் நிறுத்தப்பட்டிருந்தது. தீவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. முதல் படகிலேயே ஊருக்குப் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டினேன். படகு வந்த அன்று அவள் மாசியின் மடியில் உட்கார்ந்து மீன் சோறு தின்றுகொண்டிருந்தாள். பெட்டியைப் பிரித்துவிட்டேன். அப்போது செய்தது சரியா? குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் சரி என்கிறாள் தோழி. ஏதாவது ஆகியிருந்தால் என்று எனக்கு இன்னும் மனதில் ஓடுகிறது.

பிறகு அந்த மஞ்சள் தொப்பிக்காரர்கள் வந்தார்கள்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குத் தீவனம் விற்கும் கம்பெனிகள் தங்கள் டீலர்களைச் சுற்றுலா கூட்டிப்போவது வழக்கம். சென்னை ஏஜென்ட் ஒருவர் பெயரில் புக்கிங் வந்திருந்ததால், வருகிறவர்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகிலிருந்து ஒரே மாதிரி மஞ்சள் தொப்பிகள் இறங்கின. முதல் தொப்பிக்குக் கீழே இருந்தது என் மாமனாரின் அண்ணன்.

“ஏஞ்சாமி! நீயி எங்க இங்க?”

“வாங்க மாமா,” என்று வாய் தானாகச் சொன்னது.

“ரிக்கு ஐதராபாத்துப் பக்கம் நிக்குதுன்னு சொன்னாங்களே?”

பின்னாலிருந்த ஒருவர், “கடலுக்குள்ளயே போரு போடறாங்களோ என்னமோ, உடுங்க!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த அட்டையை வாங்கி, தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து நான் தட்டுகளை எடுக்கப் போனேன். அவர் தன் தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நம்மூட்டு மருமவ எச்சத் தட்டு எடுக்கறதா? எந்திரிங்கய்யா எல்லாரும்.”

“மாமா, இது என் வேலைங்க.”

“வேல செரி அம்மிணி. அத நாங்க போனபொறவு பாத்துக்க.”

தீவன டீலர்கள் எல்லோரும் தட்டோடு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். “ஊட்டுல பொண்டாட்டி பாத்தா நாளைக்கும் கழுவச் சொல்லுவா, போட்டோ எடுக்காதீங்கப்பா,” என்றார் ஒருவர். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தில்லித் தம்பதி, இது விடுதியின் விதி என்று நினைத்து, தங்கள் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மாசி ஓடிவந்து என்னைப் பார்த்தாள். நான் சோப்பைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தேன்.

கிளம்பும்போது பெரிய மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இதுல உங்களுக்குப் பங்கு இருக்குதா சாமி?”

“இல்லைங்க மாமா. சம்பளத்துக்குத்தான் இருக்கேன்.”

மஞ்சள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “செரி. அதெல்லாம் வெளிய சொல்ல வேண்டாம்.”

அவரும் வெளியே சொல்லவில்லை. ஊருக்குப் போய் வேறு ஒன்றைச் சொன்னார். அடுத்து ராசிபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு என் கணவர் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டாராம்: “தீவுல ஓட்டல் வாங்கியிருக்கீங்களாமா? எப்படிப் போகுதுங்க?” என் கணவர் பாயசத்தைக் குடித்துவிட்டு, “நல்லாப் போகுதுங்க,” என்றிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று போனில் சண்டை போட்டேன். “சொன்னா பெரியப்பாவப் பொய்யராக்குன மாதிரி ஆயிருமே,” என்றார்.

ஒரு வருடம் என்று சொல்லிப் போனதால், வருடம் முடிந்ததும் தை மாதம் திரும்பிவிட்டோம். மாமியார் ஆரத்தி எடுத்தார். அன்று முதல் எங்கே போனாலும் ஒரே கேள்வி. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு புதுமனை புகுவிழாவில், “ஓட்டல யாரு பாத்துக்கறாங்க?” என்று கேட்டார்கள். நான் விழிப்பதற்குள் மாமியார், “ஆளு போட்டிருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். இன்னொருவர் தன் மகனுக்குத் தேனிலவுக்கு ரூம் வேண்டும் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். மகளைத்தான் கடக்க முடியவில்லை. இந்தச் சித்திரை வெயிலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் களத்தில் ஓடி, கால் சுட்டு அழுகிறாள். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ பேக்டரியின் புளித்த வாடை காற்றில் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊர் நாறுது,” என்கிறாள். நானும் சும்மா இல்லை. காலையில் எழுந்ததும் போனில் தீவின் வானிலையைத்தான் பார்க்கிறேன். இன்றைக்குப் படகு போகுமா என்று எனக்கு எதற்கு? ஆனாலும் பார்க்கிறேன். பால் பொங்கி வழிந்தபின் அடுப்பை அணைக்கிறேன்.

தோழி மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள். இந்தமுறை இரண்டு வருடத்துக்கு. தீவிலேயே பள்ளி இருக்கிறது, கேட்டு வைக்கிறேன் என்கிறாள். இங்கேயும் மகளுக்கு ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கை போட்டாயிற்று. சீருடை தைத்து வந்து அலமாரியில் இருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் முடிவு சொல்லவேண்டும்.

“உனக்கு எது செரின்னு படுதோ அதச் செய்யி,” என்கிறார் கணவர். காலையில் ஒன்று சரியாகப் படுகிறது, விளக்கு வைப்பதற்குள் இன்னொன்று. “போறதுன்னா போ. போகலைன்னா ஓட்டலு நட்டத்துல போச்சான்னு கேப்பாங்க, அதையும் நான்தான் சமாளிக்கோணும்,” என்றார் மாமியார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, “புள்ளைய உட்டுட்டுப் போனாலும் நான் பாத்துக்குவேன்,” என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபிறகு தூக்கம் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்று மாசிக்கு வீடியோ கால் போட்டேன். அவள் திரை முழுக்கச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள். என் மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாசி பாடினாள், மீனைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. போனை வைத்ததும் தரையில் விழுந்து அப்படி ஒரு அழுகை. மாசியை நினைத்து அழுதாளா, அவள் முகம் அந்நியமாகிவிட்டதால் அழுதாளா? கேட்டால் சொல்லத் தெரிகிற வயதில்லை. மறந்துகொண்டிருக்கிறாள் என்றால் நான் இங்கேயே இருந்துவிட்டால் ஆறிவிடும். மறக்கவில்லை என்றால் ஒவ்வொரு நாளும் நான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். தாய்மார்கள் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். ஆனால் சிறு வயதில் இப்படி ஊர்விட்டு ஊர் போய் வளர்ந்தவர்கள், அல்லது அம்மா வேலைக்கு வெளியூர் போக, பாட்டி வீட்டில் இருந்து வளர்ந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். வளர்ந்தபிறகு உங்களுக்கு அம்மாமேல் கோபம் வந்ததா? வந்திருந்தால் எதற்காக: கூட்டிப்போனதற்கா, விட்டுவிட்டுப் போனதற்கா, போகாமலே இருந்ததற்கா? என் மனம் நோகும் என்று பார்க்காமல் எழுதுங்கள். பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.